காணாமற்போன மெகாவாட்டுகள்

2019ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 9ஆம் நாள், வெள்ளிக்கிழமை மாலை 4 மணி 52 நிமிடம் 33 வினாடிக்கு, இங்கிலாந்தில் ஈட்டன் சோக்கன், வைமண்ட்லி என்னும் இரு ஊர்களை இணைக்கும் 4,00,000 வோல்ட் மின்பாதையை மின்னல் தாக்கியது. பத்தில் ஒரு வினாடி கழியுமுன் பாதுகாப்புச் சாதனங்கள் அப்பாதையைத் துண்டித்துப் பழுதை நீக்கின. சுமார் இருபது வினாடியில் பாதை மீண்டும் வேலைக்கு வந்துவிட்டது. இடியும் மழையும் உள்ள நாட்களில் எந்த நாட்டு மின்துறைக்கும் இது அன்றாட நிகழ்ச்சியே. ஆனால் மின்னல் விழுந்த 76ஆம் வினாடியில் 11 இலட்சத்திற்கு மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் நின்றது. இலண்டனைச் சுற்றி ஓடும் மின்ரயில்கள் நடுவழியில் நின்றன. முக்கால் மணி நேரத்தில் எல்லோருக்கும் மின்சாரம் திரும்பிவிட்டது. ரயில்களோ அன்றிரவு வெகுநேரம் வரை சீராகவில்லை.

இந்நிகழ்ச்சியைப் பற்றி இரண்டு அறிக்கைகள் குறிப்பிடத்தக்கவை. ஒன்று, அந்நாட்டு மின்தொகுப்பை அப்போது இயக்கிவந்த நேஷனல் கிரிட் நிறுவனத்தின் இயக்குநர் பிரிவு 2019 செப்டம்பரில் அளித்த தொழில்நுட்ப அறிக்கை. மற்றொன்று, மின்துறையை மேற்பார்வையிடும் ஆஃப்ஜெம் என்னும் அரசு அமைப்பு 2020 சனவரியில் வெளியிட்ட அறிக்கை. காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகிவரும் நாட்டில், ஒரு மின்னியற்றி நின்றுபோனதை எப்படி அறிவது என்ற கேள்விக்கு இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பது நல்ல பாடம். முதல் அறிக்கையைப் பலரும் பாராட்டினர். பாராட்டத் தக்கதுதான். எனினும் அதன் நடுவே ஒரு கூட்டல் கணக்கு இருக்கிறது. அதைத்தான் இங்கே சற்று உரசிப் பார்க்க விரும்புகிறேன்.

இயற்பியல் மாணவர்கள் ஆய்வுக்கூடப் பதிவேட்டில் அட்டவணை போடும்போது, கருவியில் பார்த்து எழுதிய அளவுக்கு ஒரு நிரலும் அதிலிருந்து கணக்கிட்டுப் பெற்ற அளவுக்கு வேறொரு நிரலும் இடுவார்கள். இரண்டையும் ஒரே நிரலில் எழுதிவந்தால் பதிவேடு மேசையிலிருந்து திரும்பிவிடும். இவ்வறிக்கையை நான் படித்ததும் அந்தக் கண்ணோட்டத்தில்தான்.

முதலில் அடிப்படையைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் வீடுகளுக்கு வரும் மாறுதிசை மின்னோட்டம் வினாடிக்கு 50 முறை அலைகிறது. பிரிட்டனிலும் அதே 50 ஹெர்ட்ஸ்தான். அனல், நீர், அணு நிலையங்களிலுள்ள பெரிய மின்னியற்றிகள் எல்லாம் இந்த அதிர்வெண்ணோடு பூட்டப்பட்டு, ஒரே நுகத்தில் கட்டிய மாடுகளைப்போல் ஒன்றாகச் சுழல்கின்றன. உற்பத்தியும் செலவும் சமமாக இருக்கும்வரை அதிர்வெண் அசையாது. ஒரு மின்னியற்றி திடீரென விலகினால், அது தந்துகொண்டிருந்த ஆற்றலை மற்றவை தங்கள் சுழற்சியிலிருந்து ஈடுகட்டுகின்றன. அதனால் அவற்றின் வேகம் குறைகிறது, அதிர்வெண்ணும் இறங்குகிறது. ஆகவே அதிர்வெண்ணின் வீழ்ச்சியே மின்னியற்றி இழப்பின் முதல் அறிகுறி. நூறு ஆண்டுகளாகப் பொறியியலாளர்கள் மின்தொகுப்பின் நாடியைப் பார்ப்பது இப்படித்தான்.

வீழ்ச்சியின் வேகத்தைக் கொண்டு இழப்பின் அளவையும் மதிப்பிடலாம். கணக்கு எளியது. அன்று மாலை பிரிட்டனின் மின்தேவை ஏறத்தாழ 29,000 மெகாவாட். சுழலும் எந்திரங்களில் தேங்கியிருந்த இயக்க ஆற்றல் சுமார் 2,10,000 மெகாஜூல். பெரிய எண்ணாகத் தோன்றும் இதை 29,000ஆல் வகுத்துப் பாருங்கள். ஏழு வினாடிக்குத்தான் வருகிறது! ஒரு நாடு முழுவதன் சுழற்சி ஆற்றலும் அந்நாட்டின் ஏழு வினாடிச் செலவுக்கு மேல் காணாது. சரி, இதிலிருந்து 1,130 மெகாவாட் உற்பத்தி மறைந்தால், ஒரு வினாடியில் 1,130 மெகாஜூல் குறையும். அது மொத்தத்தில் சுமார் 0.54 சதவிகிதம். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால் வேகம் அதில் பாதி, அதாவது 0.27 சதவிகிதம் குறையும். 50 ஹெர்ட்ஸில் 0.27 சதவிகிதம் என்பது ஏறத்தாழ 0.135. ஆக, அதிர்வெண் வினாடிக்கு 0.135 ஹெர்ட்ஸ் வீதம் இறங்கத் தொடங்கும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றாலைகளும் சூரியத் தகடுகளும் இந்த நுகத்தில் பூட்டப்படுவதில்லை. அவை இன்வர்ட்டர் என்னும் மின்னணுச் சாதனத்தின் வழியாகத் தொகுப்போடு சேர்கின்றன. அவை மின்சாரம் தரும்; ஆனால் வழக்கமான அமைப்பில் சுழற்சி ஆற்றலைத் தருவதில்லை. அவை பெருகிப் பழைய எந்திரங்கள் ஓய்வெடுக்கும் வேளைகளில், தேங்கிய இயக்க ஆற்றல் சுருங்குகிறது. அது பாதியானால், அதே 1,130 மெகாவாட் இழப்புக்கு அதிர்வெண் இருமடங்கு வேகத்தில் விழும். வேறுவிதமாகச் சொன்னால், ஒரே நாடித்துடிப்பு காலையில் ஒரு நோயையும் மாலையில் வேறொரு நோயையும் குறிக்கத் தொடங்குகிறது.

இனி, அறிக்கை தரும் நிகழ்ச்சி வரிசையைப் பார்ப்போம். வினாடியின் பின்னங்கள் வரை அது பொறுமையாகப் பிரித்துக் காட்டியிருப்பது உண்மையிலேயே அருமை.

மின்னல் விழுந்த கணத்தில் பகிர்மானக் கம்பிகளில் இணைந்திருந்த சிறு மின்னியற்றிகள் சுமார் 150 மெகாவாட் அளவுக்கு விலகின. அடுத்து, வடகடலிலுள்ள ஹார்ன்சீ காற்றாலைப் பண்ணையின் உற்பத்தி 799 மெகாவாட்டிலிருந்து 62 மெகாவாட்டுக்குச் சரிந்தது. இழப்பு 737. மின்னழுத்தம் ஒரு கணம் தாழ்ந்தபோது அதன் கட்டுப்பாட்டு அமைப்பு தன்னைச் சீர்செய்ய முயன்று, நிலைகொள்ளாமல் ஊசலாடிவிட்டது. கிட்டத்தட்ட அதே வேளையில் லிட்டில் பார்ஃபோர்டு எரிவாயு மின்நிலையத்தின் நீராவிச் சுழலி நின்றது. இழப்பு 244. அச்சுழலியின் வேகத்தை அளக்க மூன்று தனித்தனிக் குறிப்புகள் உண்டு. மூன்றும் ஒத்துப்போகாததால், எது மெய் எனத் தெரியாத எந்திரம் தன்னை நிறுத்திக்கொண்டது. இம்மூன்று இழப்பும் சேர்ந்து 1,131 மெகாவாட். அன்று அவசரத்திற்கென வைத்திருந்த கையிருப்போ 1,000 மெகாவாட்.

அதிர்வெண் வேகமாக இறங்கியது. அந்த வேகத்தைக் கண்டு மேலும் 350 மெகாவாட் அளவுக்குச் சிறு மின்னியற்றிகள் விலகின. கையிருப்பு கைகொடுக்க, 49.1 ஹெர்ட்ஸில் வீழ்ச்சி நின்று மெல்ல ஏறத் தொடங்கியது. அந்நேரம் பார்த்து லிட்டில் பார்ஃபோர்டில் நீராவி அழுத்தம் மிகுந்து, ஒரு வாயுச் சுழலியும் நின்றது. இழப்பு 210. கையிருப்பில் மீதமில்லை. அதிர்வெண் 48.8 ஹெர்ட்ஸைத் தொட்டதும், முன்னேற்பாட்டின்படி ரிலேக்கள் தாமே 931 மெகாவாட் அளவுக்கு மின்தேவையைத் துண்டித்தன. சில வினாடிகளில் மற்றொரு வாயுச் சுழலியையும் ஊழியர்கள் கையால் நிறுத்தினர். இழப்பு 187. மின்னல் விழுந்து ஐந்து நிமிடத்திற்குள் அதிர்வெண் 50க்குத் திரும்பிவிட்டது.

இந்த இழப்புகளைக் கூட்டுங்கள். 150, 737, 244, 350, 210, 187. மொத்தம் 1,878 மெகாவாட். அறிக்கையின் மையமான எண் இதுதான். பத்திரிகைகளும் இதையே எடுத்தாண்டன.

இங்கேதான் எனக்குப் பேனா நிற்கிறது. ஹார்ன்சீயின் 737ம் லிட்டில் பார்ஃபோர்டின் மூன்று எண்களும் மீட்டரில் கண்டவை. அந்நிலையங்கள் உயர் அழுத்தத் தொகுப்பில் நேராக இணைந்தவை. அவற்றின் உற்பத்தி கட்டுப்பாட்டு அறையின் திரையில் கணந்தோறும் தெரியும். ஆனால் 150, 350 என்ற இரண்டும் எந்த மீட்டரிலும் கண்டவை அல்ல. அதிர்வெண் நடந்துகொண்ட விதத்திலிருந்தும் பகிர்மான நிறுவனங்கள் தந்த தகவலிலிருந்தும் ஊகித்தவை. மதிப்பீடு என்ற சொல்லை அறிக்கை மறைக்கவில்லை. உரிய இடத்தில் போட்டிருக்கிறது. ஆயினும் கூட்டும் வேளையில் அச்சொல் உதிர்ந்துவிடுகிறது. நூற்றுக்கணக்கில் முன்பின்னாக இருக்கக்கூடிய இரண்டு எண்களைத் துல்லியமான நான்கு எண்களோடு கூட்டி, ஒன்றாம் இலக்கம் வரை 1,878 என்று எழுதினால், அந்தக் கடைசி 8க்கு என்ன பொருள்? கஜக்கோலால் அளந்த துணியோடு கண்ணளவாகச் சொன்ன துணியைக் கூட்டி அங்குலம் வரை கணக்கு எழுதுவதைப் போன்றதே இது.

இது வெறும் இலக்கச் சண்டையன்று. ஏன் என்பதைச் சொல்லுமுன், அந்தச் சிறு மின்னியற்றிகள் ஏன் விலகின என்று பார்த்தாக வேண்டும்.

வீட்டுக்கூரையில் சூரிய மின்தகடு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். தெருவில் மின்சாரம் போனால், உச்சிவெயில் கொளுத்தினாலும் கூரைத் தகட்டின் மின்சாரமும் நின்றுவிடும். இது பழுதன்று, பாதுகாப்பு. ஊர்க்கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் ஊழியர்மீது, கூரையிலிருந்து பாயும் மின்சாரம் தாக்கிவிடக் கூடாது. ஆகவே பகிர்மானக் கம்பியில் இணையும் ஒவ்வொரு சிறு மின்னியற்றியும், தான் பெருந்தொகுப்பிலிருந்து அறுந்து தனித்தீவாகிவிட்டதா என்று ஓயாமல் சோதித்தபடி இருக்க வேண்டும். எப்படிச் சோதிப்பது? பிரிட்டனில் இரண்டு வழிகள் பழக்கத்தில் இருந்தன. மின்னழுத்த அலை திடீரென ஒரு தாவுத் தாவினால் தீவாகிவிட்டோம் என்று கொள்வது ஒன்று. அதிர்வெண் வினாடிக்கு 0.125 ஹெர்ட்ஸுக்கு மேல் மாறினால் அப்படிக் கொள்வது மற்றொன்று.

கனத்த எந்திரங்கள் நிறைந்திருந்த காலத்தில் இரண்டாவது சோதனை நியாயமானதே. நாடு தழுவிய தொகுப்பு அவ்வளவு வேகமாக அசையாது. அசைந்தால் தொகுப்பை விட்டு அறுந்துபோனோம் என்பதே பொருள். ஆனால் நாம் சற்றுமுன் கணக்கிட்ட எண் என்ன? வினாடிக்கு 0.135. எல்லைக்கோட்டுக்குச் சற்றே மேலே! தொகுப்போடு ஒட்டியிருந்த மின்னியற்றிகள் தாம் அறுந்துவிட்டதாக எண்ணி உண்மையிலேயே அறுத்துக்கொண்டன. மின்னல் விழுந்த கணத்தில் விலகிய முதல் 150 மெகாவாட்டும் இதே வகைப் பிழைதான். அங்கே ஏமாற்றியது அலையின் தாவல்.

இப்போது ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த முதல் 150 மெகாவாட் விலகாமல் இருந்திருந்தால், ஆரம்ப இழப்பு ஹார்ன்சீயும் நீராவிச் சுழலியும் மட்டுமே. 981 மெகாவாட். முன்போலவே கணக்கிட்டால், வீழ்ச்சியின் வேகம் வினாடிக்குச் சுமார் 0.117 ஹெர்ட்ஸ். எல்லைக்கோட்டுக்குக் கீழே! இது தோராயக் கணக்கு. அதிர்வெண் ஊருக்கு ஊர் முதல் வினாடியில் சற்று வேறுபடும். இழப்புகளும் ஒரே கணத்தில் நேர்ந்தவை அல்ல. ஆகவே அந்த 350 மெகாவாட் தப்பியிருக்கும் என்று அறுதியிட்டுச் சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் பட்டியலில் மிகச் சிறியதான, எவரும் நேரில் காணாத, தோராயமான அந்த 150தான் தராசை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று முடிவு செய்யுமிடத்தில் நிற்கிறது. அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதை அறிக்கை இன்னும் விரிவாகச் சொல்லியிருக்க வேண்டாமா?

அறிக்கை வெளிவந்த நாட்களில் நடந்த விவாதம் வேறு திசையில் போயிற்று. காற்றாலையை நம்பியதால் வந்த வினை என்று ஒரு கட்சி. எரிவாயு நிலையமும் சேர்ந்துதானே நின்றது என்று மறு கட்சி. இரு தரப்புக்கும் அறிக்கையிலேயே சான்று இருந்தது. மிக அரிதாக இரண்டு பெரிய நிலையங்கள் ஒருசேர விழுந்தன என்பதே அறிக்கை முன்வைத்த சித்திரம். மேற்பார்வை அமைப்பின் விசாரணைக்குப்பின் ஹார்ன்சீயின் உரிமையாளரும் லிட்டில் பார்ஃபோர்டின் உரிமையாளரும் தலைக்கு 45 இலட்சம் பவுண்டு கொடுக்க ஒப்புக்கொண்டனர். கண்ணுக்குத் தெரிந்தவர்கள் அவர்கள். பெயரும் முகவரியும் உடையவர்கள். சிறு மின்னியற்றிகளுக்குப் பெயரில்லை. ஆகவே கதையிலும் அவற்றுக்கு இடம் கிடைக்கவில்லை.

இரண்டாவது அறிக்கை இங்கேதான் முதல் அறிக்கையைத் திருத்துகிறது. சாவகாசமாகத் திரட்டிய சான்றுகளைக் கொண்டு, அன்று மறைந்த சிறு மின்னியற்றிகளின் மொத்தம் 500 அன்று, ஏறத்தாழ 1,300 முதல் 1,500 மெகாவாட் வரை இருக்கலாம் என்று அது கருதுகிறது. ஹார்ன்சீயையும் லிட்டில் பார்ஃபோர்டு முழுவதையும் கூட்டினால் வருவது 1,378தான் என்பதை நினைத்துப் பாருங்கள். பெயருள்ள நிலையங்கள் இழந்த அளவுக்கு ஏறக்குறையச் சமமாகவோ அதற்கு மேலாகவோ பெயரற்றவை இழந்திருக்கின்றன! எந்த நிலையம் குற்றவாளி என்று நாடே வாதிட்டுக்கொண்டிருந்தபோது, இழப்பில் பாதி எவர் கண்ணிலும் படாமல் இருந்தது.

அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? அதிர்வெண் 49க்குக் கீழே போனபோது மேலும் சுமார் 200 மெகாவாட் மறைந்ததாகத் தெரிகிறது. சில இன்வர்ட்டர்களில் தயாரித்தபோதே வைத்துவிட்ட அளவுகள் இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. அதைவிட வியப்பான பகுதி ஒன்றுண்டு. 931 மெகாவாட் தேவையைத் துண்டித்தார்கள் அல்லவா? தொகுப்புக்குக் கிடைத்த நிகர நிவாரணம் சுமார் 350 மெகாவாட்தான். துண்டித்த கம்பிகளில் வீடுகள் மட்டுமா இருந்தன? சிறு மின்னியற்றிகளும் இருந்தன. பாரத்தை இறக்குவதாக எண்ணிச் சுமப்பவரையும் சேர்த்து இறக்கிவிட்டார்கள். இப்பாதுகாப்பு ஏற்பாடு வகுக்கப்பட்டபோது பகிர்மானக் கம்பி என்றால் செலவு மட்டுமே, வரவு கிடையாது. இன்று அப்படியில்லை.

கட்டுப்பாட்டு அறையின் நிலையை வீட்டுக் கணக்கோடு ஒப்பிடலாம். மகன் சம்பாத்தியத்தில் ஒரு பங்கைத் தந்தைக்குத் தெரியாமல் தாயிடம் நேராகக் கொடுத்துவருகிறான் என்று வையுங்கள். தந்தையின் கணக்கில் வீட்டுச் செலவு குறைவாகவே தெரியும். ஒரு மாதம் மகன் கொடுக்காவிட்டால், வரவு குறைந்தது என்று அவர் அறியமாட்டார். செலவு கூடிவிட்டது என்று கடிந்துகொள்வார். சிறு மின்னியற்றிகளின் உற்பத்தி கட்டுப்பாட்டு அறைக்குத் தேவைக் குறைவாகத் தெரிகிறது. அவை நின்றால், அது மின்னியற்றி இழப்பு என்று திரையில் வருவதில்லை. நாட்டில் திடீரென மின்தேவை உயர்ந்ததாக வருகிறது. காணவே முடியாத ஒன்று நின்றதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இது பிரிட்டனுக்கே உரிய விபத்து என்று எண்ணிவிடலாகாது. 2016 ஆகஸ்டு 16 அன்று கலிபோர்னியாவில் காட்டுத்தீயின் புகை உயர் அழுத்தக் கம்பிகளில் பழுதை உண்டாக்கியது. சுமார் 1,200 மெகாவாட் சூரிய மின்சாரம் மறைந்தது. அதில் ஏறத்தாழ 700 மெகாவாட், அதிர்வெண் 57 ஹெர்ட்ஸுக்குக் கீழே போய்விட்டதாக இன்வர்ட்டர்கள் கருதியதால் விலகியது. அமெரிக்காவின் இயல்பான அதிர்வெண் 60. அன்று தொகுப்பின் அதிர்வெண் உண்மையில் 59.8க்குக் கீழேகூடப் போகவில்லை! பழுதின்போது அலையில் விழுந்த கோணலை ஒரு கணநேரத்தில் அளந்து, அதையே அதிர்வெண் என்று அச்சாதனங்கள் நம்பிவிட்டன. ஒரு முழு அலைக்கும் குறைந்த நேரத்தில் அதிர்வெண்ணை அளப்பது, ஊசல் ஒரு முறை முழுதாக ஆடி முடிப்பதற்குள் அதன் அலைவு நேரத்தைச் சொல்ல முயல்வதற்குச் சமம். முதலாண்டு மாணவரே அதற்கு இணங்கமாட்டார்.

அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியாவில் புயல் கோபுரங்களைச் சாய்த்தது. மின்னழுத்தம் இரண்டு நிமிடத்திற்குள் பலமுறை தாழ்ந்தது. இத்தனை முறை தாழ்ந்தால் போதும், நிறுத்திக்கொள் என்று காற்றாலைகளின் மென்பொருளில் எழுதிவைத்திருந்தார்கள். ஒன்பது பண்ணைகள் ஏழு வினாடிக்குள் 456 மெகாவாட்டைக் கைவிட்டன. மாநிலம் முழுவதும் இருண்டது. அப்படியொரு வரம்பு அம்மென்பொருளில் இருப்பது தொகுப்பை இயக்கியவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. இந்நிகழ்ச்சியைப் பற்றிய ஆஸ்திரேலிய அறிக்கை அதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறது. இதுபோன்ற இடங்களில் நேஷனல் கிரிட் அறிக்கையைவிட அது ஒரு படி மேல் என்பேன்.

ஆராய்ச்சியாளர்கள் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவில் 2003-04 வாக்கில் வர்ஜீனியா டெக் கல்வி நிலையத்தில் ஓர் எளிய யோசனை செயலுக்கு வந்தது. பின்னர் டென்னசிப் பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது. வீட்டுச் சுவரிலுள்ள சாதாரண மின்செருகியிலேயே ஒரு சிறு பெட்டியைப் பொருத்தி, அதிர்வெண்ணை நுட்பமாக அளப்பது. ஒரு மின்னியற்றி நின்றால் அதன் அதிர்ச்சி குளத்து அலைபோல் தொகுப்பெங்கும் பரவுகிறது. ஒளியின் வேகத்தில் அன்று. வினாடிக்குச் சில நூறு கிலோமீட்டர் என்ற நிதானத்தில். பல ஊர்களிலுள்ள பெட்டிகள் அலை வந்த நேரத்தைக் குறித்தால், நிலநடுக்க மையத்தைக் கண்டுபிடிப்பதுபோல் நின்றுபோன நிலையத்தின் இடத்தைக் கணக்கிடலாம். அழகான இயற்பியல்! ஆனால் பெரிய நிலையம் ஒன்று ஓரிடத்தில் நின்றால்தான் இது எடுபடும். ஆயிரம் சிறு மின்னியற்றிகள் ஆயிரம் இடத்தில் ஒரே வினாடியில் விலகினால் அலைக்கு மையம் ஏது? குளத்தில் கல் விழுந்த இடத்தைச் சொல்லலாம். மழை விழுந்த இடத்தைச் சொல்ல முடியுமா? 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டபோது இன்னொரு சிக்கலும் வெளிப்பட்டது. அங்கே முதலில் கெட்டது அதிர்வெண்ணன்று. மின்னழுத்தம் மட்டுமீறி உயர்ந்தது, அதனால் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகின.

அண்மைக் காலத்தில் கணினிக்குக் கற்பித்து இழப்பை உடனே அறியச் செய்யும் முறைகளைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் மலிந்துவிட்டன. பலவற்றில் சோதனைக்களம் ஒன்றே: நியூ இங்கிலாந்து மாதிரி எனப்படும், 39 முனைகளும் பத்து மின்னியற்றிகளும் கொண்ட கணினித் தொகுப்பு. எந்த மின்னியற்றியை எந்த வினாடியில் நிறுத்தினோம் என்பது ஆய்வாளருக்கு முன்கூட்டியே தெரியும். ஆகவே கணினி சொன்ன விடை சரியா என்று திருத்துவது எளிது. நூற்றுக்கு 99 என்று மதிப்பெண்ணும் போடலாம். இந்த 99ஐ நான் மதிக்கிறேன். ஆனால் முழுதாக நம்புவதில்லை. 2019 ஆகஸ்டு 9 மாலைக்கு விடைத்தாளே இல்லை. நிபுணர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதியும் 500 என்று ஒருவரும் 1,300 முதல் 1,500 என்று மற்றவரும் சொல்லும் நிலையில், கணினிக்கு எந்த விடையைக் கற்பிப்பது?

முதல் அறிக்கையைக் குறைத்து மதிப்பதாக நினைக்க வேண்டா. ஒரே மாதத்தில் இவ்வளவு விவரத்தைத் திரட்டித் தன் கையிருப்பு போதவில்லை என்பதையும் சேர்த்து வெளியிடும் நிறுவனங்கள் உலகில் அதிகமில்லை. ரயில்களைப் பற்றிய பகுதியை மாணவர்கள் தவறாமல் படிக்க வேண்டும். 49 ஹெர்ட்ஸைக் கண்டதும் ஒரே வகையைச் சேர்ந்த ஏறத்தாழ அறுபது வண்டிகள் தாமே நின்றன. பலவற்றை ஓட்டுநரால் மீண்டும் கிளப்ப முடியவில்லை, தொழில்நுட்பர் நேரில் வந்து மென்பொருளைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. ரயில் பாதையில் மின்சாரம் ஒரு கணமும் நிற்கவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. அளவீட்டுக் கருவி ஒன்று அளவுக்கு மீறி அஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

வினாடிக்கு 0.125 என்ற எல்லையின் ஆபத்தும் 2019க்கு முன்னரே அறிந்ததுதான். ஒரு பெரிய நிலையம் நின்றால் வீழ்ச்சியின் வேகம் அந்த எல்லையைத் தாண்டிவிடாதபடி, நாள்தோறும் பணம் செலவழித்து உற்பத்தியை மாற்றியமைத்து வந்தார்கள். சிறு மின்னியற்றிகளின் ரிலேக்களைத் திருத்தும் பெருந்திட்டம் 2019 இறுதியில்தான் தொடங்கி 2022 வரை நடந்தது. அலைத் தாவல் சோதனை கைவிடப்பட்டது, 0.125 என்றிருந்த எல்லை, அரை வினாடி பொறுத்துப் பார்க்கும் ஏற்பாட்டுடன் 1 ஹெர்ட்ஸ் ஆக உயர்த்தப்பட்டது. எட்டு மடங்கு! பொய்யான எச்சரிக்கைக்கு அவை இனி எளிதில் ஏமாறா.

ஆனால் ரிலேயைத் திருத்தியதால் கட்டுப்பாட்டு அறைக்குக் கண் திறந்துவிடவில்லை. பிரிட்டனில் மின்வணிகக் கணக்கு அரைமணி நேரத்துக்கு ஒரு முறை எழுதப்படுவது. சிறு மின்னியற்றிகளிடம் விவரமான மீட்டர் இருந்தாலும் பெரும்பாலும் அதுவே அதன் நுட்பம். அன்று மாலை 4.30க்கும் 5 மணிக்கும் இடையிலான அரைமணிக் கட்டத்தில், எந்த மின்னியற்றி 4.52க்கு நின்று சில நிமிடத்தில் திரும்பியது, எது நிற்கவே இல்லை, எதன்மேல் ஒரு மேகம் கடந்துபோனது என்பதெல்லாம் ஒரே ஒரு மொத்த எண்ணுக்குள் கரைந்துகிடக்கிறது. 1,300 முதல் 1,500 வரை என்ற அந்த இடைவெளியைச் சுருக்கக்கூடிய தகவல் பெருமளவும் அந்த எண்ணுக்குள்தான் புதைந்துள்ளது.